என் ஈரலும் தணிகாசலம் சாரின் சீந்தில் கொடியும்

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் எல்லோரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: மன உறுதியோடு இரு. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஊசி போட வந்த நர்ஸ் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரம்மாவும் தன் வலியை விட்டுவிட்டு எனக்குச் சொன்னாள். எனக்கு மன உறுதியெல்லாம் கிடையாது. கரப்பான் பூச்சியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறிக்கொள்கிற ஆள் நான். எனக்கு இருந்தது ஆத்திரம். எங்கள் மேல்வீட்டுத் தணிகாசலம் சாரை நேருக்கு நேர் நிறுத்தி ஒரு வார்த்தை சொல்ல வைக்க வேண்டும், அதற்காகவாவது வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் கஞ்சி குடித்தேன், மாத்திரை விழுங்கினேன், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இதை எழுதுவதும் அந்த ஆத்திரம் இன்னும் மிச்சமிருப்பதால்தான். படிக்கிறவர்களுக்கு உபயோகப்பட்டால் நல்லது.

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் எங்களுக்கு ஒரு ஃப்ளாட். என் வீட்டுக்காரர் மூர்த்திக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. நானும் அங்கேயே ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். மகள் நித்யா போன வருஷம்தான் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தாள். தணிகாசலம் சார் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸை விட்டு வந்து எங்கள் மேல்வீட்டில் குடியேறினார். மொட்டை மாடி முழுக்க அவர் தொட்டிதான். தூதுவளை, ஆடாதொடை, கற்பூரவல்லி என்று ஒன்று விடாமல் இருக்கும். கட்டடத்தில் யார் தும்மினாலும் கையில் இலையோடு கதவைத் தட்டுவார்.

நாங்கள் கிரகப்பிரவேசம் செய்த அன்று, எல்லோரும் சுவர்க் கடிகாரம் கொண்டு வந்தபோது அவர் மட்டும் ஒரு முழம் சீந்தில் தண்டைக் கொண்டு வந்தார். ஈரத் துணியில் சுற்றி, முனையில் மஞ்சள் குங்குமம் வைத்து, தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அவர் மனைவி கமலாக்கா பின்னால் நின்று சிரித்தார்.

"சாகாத கொடிம்மா இது. வெட்டிப் போட்டாலும் உயிர் போகாது. இது இருக்கிற வீட்டுக்குள்ள நோய் வராது" என்றார் சார்.

பால்கனியில் ஒரு பையில் மண் நிரப்பி நட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அழகான கொடி. வெற்றிலை மாதிரி இலை. தண்டின் மேல் காகிதம் போல ஒரு தோல், விரலால் சுரண்டினால் உரிந்து வரும், உள்ளே பச்சை. கம்பித் தடுப்பில் ஏறி, மேலேயிருந்து நூல் நூலாக வேரை இறக்கிவிடும். அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினேன். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். நித்யாவுக்குப் பொறாமையே வந்தது.

சார் சொல்லிக் கொடுத்தபடி, விரல் நீளத் துண்டை வெட்டி, தோலைச் சுரண்டி, நசுக்கி, மிளகு போட்டுக் கொதிக்க வைத்து வெறும் வயிற்றில் குடித்தேன். வேப்பங்கொழுந்தே தேவலை என்கிற கசப்பு. நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதால் எனக்கு மூட்டு வலி. அதற்குக் கேட்கும் என்றார். கொஞ்சம் கேட்டது போலவும் இருந்தது. மூர்த்தி ஒரு வாய் குடித்துவிட்டு வாஷ்பேசினில் துப்பினார். "த பாரு, எனுக்கு நோய் வந்தாலும் பரவால்ல" என்றார். அவர் துப்பியதும் நித்யா முகத்தைத் திருப்பிக்கொண்டதும்தான் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே அதிர்ஷ்டம்.

சில மாதம் போனது. முதலில் சாப்பாட்டின் வாசனை பிடிக்காமல் போனது. தாளிக்கிற வாசனைக்கே குமட்டியது. லைனில் நின்றால் கால் துவண்டது. உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மூர்த்தி என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இன்னா ரேவதி, கண்ணு மஞ்சளா கீது?"

மஞ்சள் காமாலை என்றதும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? டாக்டரிடம் போக மாட்டார்கள். மேல்வீட்டுக்குப் போனோம். சார் என் கண் ரெப்பையை இழுத்துப் பார்த்தார்.

"காமாலைக்கு இங்கிலீஷ் வைத்தியத்துல மருந்தே கிடையாதும்மா. அவனே குளுக்கோஸ் ஏத்திட்டு வீட்டுக்கு அனுப்பிடுவான். கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடி. சீந்திலை ரெண்டு வேளையாக்கு. பித்தம் இறங்கிடும்."

இரண்டு வேளையாக்கினேன். எது என்னை அரித்துக்கொண்டிருந்ததோ அதையே இரட்டிப்பாகக் குடித்தேன். உப்பில்லாமல் சாப்பிட்டு, வெளிச்சம் படாமல் படுத்துக்கொண்டு, நாளுக்கு நாள் இன்னும் மஞ்சளானேன். ஒரு நாள் குளியலறையில் வாந்தி எடுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. நித்யா யாரையும் கேட்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு, பூந்தமல்லி சாலையில் உள்ள ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டு போய்ச் சேர்த்தாள்.

அங்கே ஈரல் நோய்களுக்கென்றே ஒரு லேடி டாக்டர் இருந்தார். சின்ன வயது, சத்தம் போட்டுப் பேசாதவர். முதல் நாள் ரத்தம் எடுத்த பிறகு கேள்வியாகக் கேட்டார். வெளியில் தண்ணீர் குடித்தீர்களா, காய்ச்சல் வந்ததா, வலி மாத்திரை போடுவீர்களா. குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டபோது மூர்த்தி என்னைப் பார்த்து, "சொல்லிடு ரேவதி" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியாக டாக்டர் கேட்டார்:

"நாட்டு மருந்து, லேகியம், சூரணம், அந்த மாதிரி ஏதாவது எடுக்கிறீங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. என் மனசில் மருந்து என்றால் கடையில் வாங்குவது. டப்பாவில் வரும், மேலே படம் போட்டிருக்கும். நம் வீட்டு பால்கனியில், நாம் தண்ணீர் ஊற்றி வளர்த்த கொடி எப்படி மருந்தாகும்? ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளுவது போலத்தானே அதையும் கிள்ளினேன்? மூர்த்திக்கும் அது தோன்றவில்லை, நித்யாவுக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு "இல்லைங்க"வால் டாக்டர் எங்கெங்கோ தேட வேண்டியதாகிவிட்டது.

வைரஸ் காமாலைக்கான சோதனைகள் எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை. எலிக்காய்ச்சல் இல்லை, டெங்கு இல்லை. ஸ்கேனில் கல் இல்லை, அடைப்பு இல்லை. ஆனால் பிலிரூபின் ஏறிக்கொண்டே போனது. பழைய ரத்த அணுக்கள் உடையும்போது வருகிற மஞ்சள் சாயத்துக்கு அந்தப் பெயர். ஈரல்தான் அதை வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாவிட்டால் கண்ணிலும் தோலிலும் ஏறிவிடும். எஸ்.ஜி.பி.டி. என்று இன்னொன்று. அது ஈரல் செல்லுக்குள் இருக்க வேண்டியது. செல் உடைந்தால் ரத்தத்தில் கலக்கும். ரத்தத்தில் அது எவ்வளவு அதிகமோ, ஈரல் அவ்வளவு நொறுங்குகிறது என்று அர்த்தம். இதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம்.

அரிப்புதான் பெரிய சித்திரவதை. மஞ்சள் தோலுக்குள் இறங்கினால் அப்படித்தான் அரிக்குமாம். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டார்கள். மூர்த்தி, லேத்தில் இரும்பு சீவுகிற அந்தத் தடித்த கையால், மரச் சீப்பை எடுத்து என் முதுகை மெதுவாகச் சுரண்டிக்கொண்டே இருப்பார். உட்கார்ந்தபடியே தூங்குவார், ஆனால் சீப்பு நிற்காது. நித்யா வீட்டிலிருந்து என் பழைய தலையணை உறையைக் கொண்டு வந்து போட்டாள். அந்தத் துணியின் வாசனைக்கே எனக்கு அழுகை வந்தது. பில் கட்ட என் வளையல்கள் போன விஷயத்தை அவர்கள் என்னிடம் சொல்லவே இல்லை. கையில் வீக்கம், அதனால் கழற்றினோம் என்றார்கள். நம்பினேன்.

தணிகாசலம் சார் தினமும் சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு வந்துவிடுவார். பஸ் மாறி, வெயிலில் நடந்து வருவார். கையில் ஸ்டீல் பிளாஸ்க். தொழிற்சாலையில் பணி ஓய்வின்போது நண்பர்கள் கொடுத்தது, அவர் பெயரைப் பெரிதாக வெட்டியிருக்கும். உள்ளே சீந்தில் கஷாயம்.

இரண்டாம் நாள் அவர் பிளாஸ்க்கைத் திறந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. "சார், டாக்டரம்மா நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டியான்னு கேட்டாங்க. இதைச் சொல்லணுமா?"

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். அவர் அப்படித் திரும்பிப் பார்த்ததை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

"சொல்லாதம்மா. அவங்களுக்கு இது புரியாது. சொன்னா உடனே நிறுத்தச் சொல்வாங்க, பழியை இது மேல போடுவாங்க. இதுதான் உன்னைக் காப்பாத்திட்டு இருக்கு. நர்ஸ் வர்றதுக்கு முன்னாடி குடிச்சிடு."

குடித்தேன். டாக்டர் ஒரு பக்கம் மருந்து ஏற்ற, இவர் இன்னொரு பக்கம் விஷம் ஊற்றினார்.

பிறகு ரத்தம் உறையும் சோதனை மோசமானது. காயம் பட்டால் ரத்தம் நிற்பதற்கு வேண்டிய பொருளை ஈரல்தான் செய்கிறது. அது நின்றுபோனால் ஈரல் கையை விரிக்கிறது என்று பொருள். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது. டாக்டர் மூர்த்தியையும் நித்யாவையும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். இப்படியே போனால் ஈரல் மாற்ற வேண்டியிருக்கும், அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், வீட்டில் யாராவது ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வந்தால் ரத்தப் பிரிவு பார்த்து வைத்துக்கொள்வோம் என்றிருக்கிறார்.

நித்யா உள்ளே வந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இன்னாடி அது?"

"ஒன்னும் இல்லம்மா. சும்மா டெஸ்ட். உன் குரூப்தான் எனக்கும்."

"எதுக்குடி?"

அவள் என் போர்வையை இழுத்துவிட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. என் பெண்ணின் வயிற்றைக் கிழித்துத்தான் நான் பிழைக்க வேண்டுமா? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். செத்துப்போனால் போதும் என்று அன்று நிஜமாகவே நினைத்தேன்.

மறுநாள் காலையில் டாக்டர் என் கட்டில் ஓரத்தில் உட்கார வந்தார். உட்கார இடம் இல்லாமல் அங்கே கிடந்த பிளாஸ்க்கை நகர்த்தினார். மூடி சரியாகத் திருகாததால் மிச்சக் கஷாயம் அவருடைய வெள்ளைக் கோட்டில் கொட்டியது. பச்சையும் பழுப்புமாக ஒரு கறை. அவர் முகர்ந்து பார்த்தார்.

"என்ன இது ரேவதி?"

"சீந்தில்மா. ஊட்ல வளக்கிறது."

"எவ்வளவு நாளா?"

"கிரகப்பிரவேசம் ஆனதுல இருந்தே."

"இங்க வந்த பிறகும்?"

தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நிறைய பேர் இதைக் குடிக்கிறாங்க, பெரும்பாலானவங்களுக்கு ஒன்னும் ஆகிறதில்ல. ஆனா சிலரோட உடம்புக்கு இது ஒத்துக்காது. நோயோட சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, வெறி பிடிச்ச காவல்காரன் மாதிரி வீட்டுக்காரனையே அடிக்க ஆரம்பிச்சிடும். உங்க ஈரலை உங்க உடம்பே அடிச்சிட்டு இருக்கு. யாருக்கு அப்படி ஆகும்னு முன்னாடியே சொல்ல முடியாது. அதனாலதான் நான் முதல் நாளே கேட்டேன்."

ரத்தம் உறைவதற்காகப் பிளாஸ்மா ஏற்றிவிட்டு, விலா எலும்புகளுக்கு நடுவில் ஊசியை இறக்கி, ஈரலிலிருந்து நூல் தடிமனில் ஒரு துணுக்கை எடுத்தார்கள். பயாப்ஸி என்பது அதுதான். மூச்சை அடக்கச் சொல்வார்கள், தோளில் குத்தினாற்போல ஒரு வலி வரும், அப்புறம் அசையாமல் வலது பக்கமாகப் படுத்திருக்க வேண்டும். டாக்டர் நினைத்தது அதில் உறுதியானது. எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். சீந்தில் நின்றது. உறையும் சோதனைதான் முதலில் திரும்பியது. பிறகு மஞ்சள் இறங்கியது. நித்யாவின் வயிற்றில் கத்தி படவில்லை. ஒரு நாள் மூர்த்தி கொண்டு வந்த ரசம் சாதத்தின் வாசனை எனக்குப் பிடித்தது. அவர் தட்டோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

பிளாஸ்க் கொட்டிய அன்று சாயங்காலம் சார் வந்தபோது நித்யா அவரை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவர் வரவில்லை. ஒரு போன் இல்லை. ஆனால் எங்கள் கட்டடத்து வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி போட்டார். மூர்த்தி காட்டினார். "சீந்திலைத் தோல் நீக்காமல், அளவு தெரியாமல் உபயோகித்தால் வரும் கேடு. குறை மூலிகையில் இல்லை, கைப்பக்குவத்தில் இருக்கிறது." கீழே எட்டுப் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

அதைப் படித்ததும்தான் எனக்குப் பசித்தது. மூர்த்தியிடம் இன்னொரு கரண்டி சாதம் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது பால்கனியில் கொடி இல்லை. மூர்த்தி அடியோடு வெட்டிக் குப்பையில் போட்டிருந்தார். ஆனால் கம்பியில் சிக்கியிருந்த ஒரு துண்டை அவர் கவனிக்கவில்லை. மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல், அது புதிதாக ஒரு வேரைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. அவர் பிடுங்கப் போனார். "இருக்கட்டும்" என்றேன். வேர் மண்ணைத் தொடாதபடி பையை மட்டும் நகர்த்தி வைத்தேன். நீ எவ்வளவு நாள் தாங்குகிறாய், நான் எவ்வளவு நாள் தாங்குகிறேன், பார்ப்போம்.

மாடிப்படியில் சார் எதிரே வந்தபோது கேட்டேன். "நர்ஸு வர்றதுக்கு முன்னாடி குடின்னு சொன்னீங்களே சார், அதுவும் என் கைப்பக்குவமா?"

"எல்லாருக்கும் ஒத்துக்கிறது உனக்கு ஒத்துக்கலைன்னா நான் என்னம்மா பண்ண முடியும்? என் வீட்டம்மா தினம் குடிக்கிறா. நல்லாத்தானே இருக்கா?" பிறகு தயங்கிக் கேட்டார். "அந்த பிளாஸ்க் உன்கிட்டதானே இருக்கு?"

"கீது சார். தர்றேன்."

தரவில்லை. அலமாரியில் வைத்திருந்தேன். அதற்கு ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும்.

அதுவரை சும்மா இருக்கவில்லை. முதல் மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. சார் ஈரத் துணியும் குங்குமமுமாகத் தாம்பூலத் தட்டோடு போனார். அவர் படியிறங்கியதும் நான் போனேன். போனில் என் மஞ்சள் கண் படத்தைக் காட்டினேன். சட்டையை ஒதுக்கி ஊசித் தழும்பைக் காட்டினேன். தண்டு குப்பைத் தொட்டிக்குப் போனது. ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்களுக்கு அவர் கொடுத்தார். மாத்திரையால் வீங்கிய முகத்தோடு நானும் நடக்கப் போனேன். அவர் யாரிடம் நின்று பேசினாலும் பத்தடி தள்ளி நின்று காத்திருப்பேன். அவர் போனதும் என் முறை. கும்பிடு போட்ட எட்டுப் பேர் வீட்டுக்கும் போனேன். கொஞ்ச நாளில் அவரைப் பார்த்தாலே எல்லோரும் போனில் பேசுவது போல நடிக்க ஆரம்பித்தார்கள். மூர்த்தி, "போதும் வுடு ரேவதி, வயசானவரு" என்றார். விடவில்லை. விட மனமே வரவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். கமலாக்கா தனியாக நின்றிருந்தார். உள்ளே வந்து, கதவை அவரே சாத்திவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் நின்று கண் ரெப்பையைக் கீழே இழுத்தார்.

"பாரு ரேவதி. மஞ்சளா இருக்கா? எனக்குத் தெரிய மாட்டேங்குது. அவரு இல்லைங்கறாரு."

மஞ்சளாக இருந்தது. முழங்கையில் அரித்து அரித்துச் சிவந்த கோடுகள்.

"அக்கா, இன்னும் குடிக்கிறீங்களா?"

"அவரு கையால போட்டுக் கொடுக்கிறாரும்மா. எப்படி வேணாங்கறது?"

அதே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். கிளம்புமுன் அலமாரியைத் திறந்து பிளாஸ்க்கைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். போகும்போது சாருக்குப் போன் செய்து ஆஸ்பத்திரி பெயரை மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நாங்கள் டாக்டர் அறைக்குள் நுழைந்த சற்று நேரத்தில், காலில் பாத்ரூம் செருப்போடு ஓடி வந்தார்.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல், தண்ணீர், வலி மாத்திரை. கடைசியாக அந்தக் கேள்வி.

"நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறாங்களா?"

கமலாக்கா புருஷனைப் பார்த்தார். சார் சுவரைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒன்னும் இல்லைங்க" என்றார்.

நான் பையைத் திறந்து, பிளாஸ்க்கை எடுத்து, வெட்டிய பெயர் டாக்டர் பக்கம் தெரியும்படி மேஜை மேல் வைத்தேன். டாக்டருக்கு உடனே தெரிந்துவிட்டது. பெயரைப் படித்தார், சாரை நிமிர்ந்து பார்த்தார். கேள்வியை மறுபடி கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயால் வர வேண்டும். அதற்குத்தான் நான் பிழைத்து வந்தேன்.

"சீந்தில்" என்றார் சார். பிளாஸ்க்கைப் பார்த்தபடியே மேலே சொன்னார். "தினமும். நான்தான் கொடுத்தேன். இவங்களுக்கும் நான்தான் கொடுத்தேன். சொல்ல வேணாம்னு சொன்னதும் நான்தான்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும்? வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

கமலாக்காவுக்கு ஆரம்பத்திலேயே பார்த்ததால், நிறுத்தினாலே தேறிவிடுவார், இருந்தாலும் சில நாள் இங்கே இருக்கட்டும் என்றார் டாக்டர். எனக்குக் கொடுத்த அதே வார்டு. கட்டிலில் உட்கார வைத்ததும் அக்கா முதுகை எட்ட முடியாமல் தவித்தார். என் பையில் எப்போதும் கிடக்கிற மரச் சீப்பை எடுத்து மெதுவாகச் சுரண்டிவிட்டேன். "அங்கதான், அங்கதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

தணிகாசலம் சார் பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார். மேஜையில் வைக்கவும் தெரியவில்லை, கீழே வைக்கவும் தெரியவில்லை. என் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்காருங்க சார் என்று நான் சொல்லவில்லை.